பஸ்ஸை விட்டு இறக்கியவளுக்கு

மார்ச் 4

பி.டி. டீச்சர் அவர்களுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். நீ பேசினால் நான் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துவாள். அதனால்தான் கடிதம். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

நேற்று காலை டிப்போவுக்குப் போனேன். சாவி மாட்டும் பலகையில் என் வண்டியின் சாவியைக் காணோம். யாரோ தெரியாமல் எடுத்துப் போய்விட்டார்கள் என்று தேடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு சார்.”

“அப்படி இல்லைன்னு கேள்விப்பட்டோம். மயக்கம் வருதாமே. தூக்கமே இல்லையாமே. மாசாமாசம் வேற ஏதோ தொந்தரவாமே.”

மாசாமாசம் என்று சொல்லும்போது அவர் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். லீவு எழுதிக் கொடுக்க வந்த இரண்டு கண்டக்டர்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கே பார்த்தார்களோ, தெரியாது.

“யார் சார் சொன்னது?”

“உங்க தங்கச்சின்னு சொல்லி போன் வந்துச்சு. அக்கறையாத்தான் பேசினாங்க.”

டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரும்வரை நான் வண்டி ஓட்டக் கூடாதாம். இப்போது என்னைத் தொலைந்த பொருட்கள் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு. இன்று காலை ஒரு பல்செட் வந்தது. சொந்தக்காரர் இன்னும் வரவில்லை. வந்து கேட்பதற்கும் வாய் வேண்டுமே.

நான் முதன்முதலாக வண்டி எடுத்த நாளில், ஸ்டியரிங்கில் பொம்பளை இருப்பதைப் பார்த்துவிட்டு நாலு ஆண்கள் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றார்கள். அவர்களாலேயே என்னை இறக்க முடியவில்லை. நீ ஒரு போனில் இறக்கிவிட்டாய். உனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்று நினைத்துக்கொள்.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைக் கோபத்தோடாவது படி.

போன் செய்வதற்கு முந்தின வாரம் ஒரு நாள் உன் வண்டியில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலம் இறங்கி மார்க்கெட் பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் நடைபாதை மேல் ஏறி இறங்கியது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு பெரியவர் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். நீ கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “பள்ளம்” என்றாய்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்துபோய்ப் பார்த்தேன். அங்கே பள்ளமே இல்லை. பூச்செடி விற்கிறவள் நடைபாதையில் தொட்டிகளை அடுக்கிவிட்டு, அவற்றின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். டயர் தடத்துக்கும் அந்த ஸ்டூலுக்கும் நடுவே என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு பாத அளவுதான். அவள் என்னைப் பார்த்து, “யாரு ஓட்டினது, தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். லீவு போடு, டாக்டரைப் பார் என்றேன். “உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி” என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாய். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஒரு வருடம் ஆகிறது, விரிப்பெல்லாம் வேர்வையில் நனைகிறது, நாப்கினுக்கு மேல் துணி மடித்து வைத்தும் நிற்கவில்லை, கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை இல்லாததால் வண்டி எடுத்தால் மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. நீயே சொன்னது.

அந்த வண்டியில் நிற்கிறவர்களையும் சேர்த்து எழுபது பேர். நீ வீட்டுக்குள் விழுந்தால் அது உன் பாடு. வண்டியோடு விழுந்தால் அப்படி இல்லை.

கண்டக்டர்கள் முன்னால் வைத்து உன் மேனேஜர் அதைச் சொன்னது தப்பு. ரகசியமாக வைத்துக்கொள்வதாக என்னிடம் உறுதி சொல்லியிருந்தார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

ஒரு அட்டவணை இணைத்திருக்கிறேன். காலையில் நடை, வாரம் மூன்று நாள் எடை தூக்குவது, என்ன சாப்பிடுவது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன்.

தங்கை

மார்ச் 19

டீச்சருக்கு,

உன் அட்டவணையை நாலாகக் கிழித்தேன். அப்புறம் எட்டாகக் கிழித்தேன். அன்றைக்கு எனக்கு அதுதான் உடற்பயிற்சி.

நீ சொன்னதற்காக இல்லை, சர்டிபிகேட்டுக்காக டிப்போ டாக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். “இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா. கொஞ்சம் வெயிட்டைக் குறைங்க. மனசைச் சந்தோஷமா வச்சுக்கோங்க.” ஒரு சத்து மாத்திரை. என் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சர்டிபிகேட் கேட்டால், “ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க” என்கிறார். கவுண்டரில் உட்கார்ந்தால் ரெஸ்ட்டாம்.

வெளியே வந்தால் மெக்கானிக் பையன்கள். “என்னக்கா, இன்ஜின் சூடாயிருச்சா?” ஆளாளுக்குச் சிரிப்பு. மேனேஜர் அறையில் ஒரு வார்த்தை விழுந்தால் ஒர்க்‌ஷாப் வரைக்கும் போக எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்தாய்?

அந்த இன்ஜின் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தெரியுமா? மூடி மேல் கை வைத்தால் கொப்புளம் வரும். அதன் பக்கத்தில் இருக்கும்போதுதான் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். யூனிபார்ம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியுமா? ஜன்னல் வழியாகக் குதிக்க முடியுமா? இதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது.

இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு இது. நீ தினமும் முளைகட்டின பயறை எண்ணிச் சாப்பிட்டு, கண்ணாடி முன்னால் நின்று இரும்பு தூக்குகிறவள். உனக்கு என்ன தெரியும்? உனக்கு முதலில் நிற்கட்டும். நின்ற பிறகு வா, பேசலாம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எனக்கு நின்று எட்டு வருடம் ஆகிறது. அப்போது வயது நாற்பத்தொன்று.

இந்த வரியை எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அனுப்ப வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் கடைசி வரியை மறுபடி படித்ததும் டிராயரைத் திறந்துவிட்டேன்.

நான் உன்னிடம் சொல்லாமல் இல்லை. உன் சமையலறைக்கே வந்து சொன்னேன். நீ காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். உன் நாத்தனாரும் இருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன், அவர் போகவில்லை. கடைசியில் உன் காதோரம் வந்து, “அக்கா, எனக்கு ஏழு மாசமா வரலை. டாக்டர் இனி வராதுங்கிறாங்க” என்றேன். நீ கத்தியைக் கீழே வைக்கவில்லை. சத்தமாக, “பாருங்கண்ணி, எனக்கு முந்தி என் தங்கச்சி கிழவி ஆயிட்டா” என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த வருடம்தான் எனக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் குழந்தை மேல் ஆசை. விஷயத்தை நானே அவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மரியாதையாக விலகிக்கொண்டார். நான் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னை நான் திருத்தவில்லை.

இரும்பு தூக்குவது அழகுக்காக இல்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு நர்ஸ்தான் சொன்னார், இவ்வளவு சீக்கிரம் நின்றால் எலும்பு கரைந்துபோகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பயந்துபோனேன். அன்றிலிருந்து தூக்குகிறேன். உன்னிடம் அந்த அட்டவணையை அனுப்பியது நான் பெரிய ஆள் என்று காட்டுவதற்காக இல்லை. அந்தப் பயத்தில் எனக்குத் துணை யாரும் இல்லை. உனக்காவது இருக்கட்டும் என்றுதான்.

பெண் டாக்டர் ஒருவரின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுவார். நான் கூட வர மாட்டேன். இப்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று எழுதி எடுத்துப் போ. வெட்கப்பட்டுப் பாதியை விழுங்காதே.

தங்கை

ஏப்ரல் 8

பொடிசுக்கு,

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. பொய் சொல்கிறாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எதற்கும் உன் அத்தானைக் கேட்டேன். “சொன்னே. ஹால்ல இருந்த எனக்கே கேட்டுச்சு” என்றார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 27

பொடிசுக்கு,

போனேன். நீ சொன்னபடி எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த டாக்டர் முழுவதையும் படித்தார். இடையிடையே என் முகத்தைப் பார்த்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ரத்தம் ஏழு பாயிண்ட் நாலு. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். “இதை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினாலே தள்ளாடும். நீங்க பஸ் ஓட்டினீங்களா?” என்றார். கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. உள்சதையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் கவுண்டரில் உட்கார்ந்து குடைகளை அளவு வாரியாக அடுக்கினேன். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று நேற்று வந்துவிட்டது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. ரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றி, போவதைக் குறைக்க மாத்திரை கொடுத்து, சூட்டுக்கு வேறு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தான் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனா? டிப்போ டாக்டரிடம் நேரே போனேன். ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, “இது சகஜமா சார்?” என்றேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான் நிமிர்ந்தார். அவர் பெரியவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று உன் அத்தான் சொல்கிறார். பேசியதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை.

சமையலறை விஷயத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். மேனேஜருக்கு நீ போன் செய்ததை மட்டும் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அது அப்படியே இருக்கிறது.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. இடது கையால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்துவிட்டேன். ஓடவில்லை, தாண்டவில்லை. பிள்ளைகளின் ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கமாக நடந்தபோது வாளி தட்டியது. நின்ற இடத்திலேயே கையை ஊன்றி விழுந்தேன். கரும்பலகையில் சாக்பீஸ் ஒடிவதுபோல் ஒரு சத்தம். வலது மணிக்கட்டு.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நின்ன இடத்துல விழுந்தா இப்படி உடையக் கூடாதே” என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு மெலிந்திருக்கிறது. எப்போது நின்றது என்று கேட்டார். சொன்னேன். “நாற்பத்தொண்ணுலயா? அப்பவே ஹார்மோன் மாத்திரை பத்திப் பேசியிருக்கணுமே. யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை அக்கா. அன்றைக்கு என்னைப் பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. “கல்யாணம் ஆகலையா? அப்போ குழந்தைக்கு அவசரம் இல்லை. விடுங்க.” விட்டுவிட்டேன். அவர் வீட்டு வாசலில் போய் நின்று இந்தக் கட்டுப் போட்ட கையைக் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

எட்டு வருடம். ஒரு நாள் விடாமல் தூக்கினேன். சர்க்கரையைத் தொடவில்லை. எல்லோரும் கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியில் உட்காரும்போது நான் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவேன். எல்லாம் சரியாகச் செய்தேன். செய்தவளுக்கும் இதுதானா? ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, “எக்சர்சைஸ் பண்ணியும் இப்படியா டீச்சர்?” என்று கேட்டாள். அவள் மேல் டஸ்டரை வீசத் தோன்றியது. இடது கையில் குறி தவறிவிடும் என்று விட்டேன்.

தூக்கியது வீண் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அதனால்தான் இடுப்பு எலும்பு தப்பியதாம், இல்லையென்றால் அதுவும் போயிருக்குமாம். நம்ப வேண்டும். இன்றைக்கு நம்ப முடியவில்லை.

நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. எதிர் வீட்டு டெய்லர் வந்து பார்த்துக்கொள்கிறார். யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை என்பது இன்னும் கோபமாக வருகிறது.

தங்கை

ஜூலை 10

பொடிசுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பிவிட்டேன். பஸ் நிலையம் வரை வந்து திரும்பிப் போனேன். உன் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சங்கதிகள். மே மாதம் பிட்னஸ் டெஸ்டில் என்னைத் தள்ளிவிட்டார்கள், ரத்தம் ஒன்பதைத் தாண்டவில்லை என்று. போன திங்கட்கிழமை பதினொன்று பாயிண்ட் ஆறு. பாஸ். உன் அட்டவணையைக் கிழித்துவிட்டதால் ஞாபகத்தில் இருந்ததைச் செய்தேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இரண்டு வாளித் தண்ணீரை மாடிக்குத் தூக்கிப் போவது. உன் அத்தான் எண்ணுகிறேன் என்று உட்கார்ந்துகொள்கிறார். எட்டுக்கு அப்புறம் பத்து என்கிறார். ஏமாற்ற வேண்டாம் என்று அவரிடம் ஒரு நாள் சண்டை. தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறது. சூடு இன்னும் வருகிறது, ஆனால் வந்துவிட்டுப் போய்விடுகிறது.

சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர், “இனிமே ஜாக்கிரதையா இருங்கம்மா” என்றார். அங்கேயே ஒரு காகிதத்தை நீட்டினேன். டிப்போவில் இப்போது பெண் டிரைவர், கண்டக்டர் பதினோரு பேர் இருக்கிறோம். பதினோரு கையெழுத்து. கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை வேண்டும், எங்கள் உடம்பைப் பற்றி எங்களிடம் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச வேண்டும். இரண்டே கோரிக்கை. “பார்க்கலாம்” என்றார். “இப்பவே பாருங்க சார்” என்று நாங்கள் பதினோரு பேரும் வண்டியை எடுக்காமல் நின்றோம். இருபத்தைந்து நிமிடம். ஊர் முழுக்க ஸ்டாப்பில் ஜனங்கள் காத்து நின்றிருப்பார்கள். கடைசி ஸ்டாப்பில் பழைய டயர் போட்டு வைத்த அறை ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு கழிப்பறை இருப்பது அவருக்கே தெரியாது. டயரை அன்றைக்கே வெளியே எடுத்தார்கள். இரண்டாவது கோரிக்கைக்கு எழுத்தில் பதில் வாங்கியிருக்கிறோம்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அன்று மார்க்கெட் திருப்பத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். மயக்கம் இல்லை. சூடு ஏறியது, கண் எரிந்தது, ஒரு நொடி மூடிக்கொள்ளலாம் என்று மூடினேன். திறந்தபோது செடிகள் தெரிந்தன. செடி விற்கிறவளின் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. பள்ளம் என்று சொன்னது உங்களுக்காக இல்லை, எனக்காக. அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னபோது டிவி சத்தத்தைக் கூட்டினேனே, நீ சொல்வது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான். மறுநாளும் வண்டியை எடுத்தேன். அதற்கு மறுநாளும். நீ போன் செய்யாவிட்டால் எடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

போன வாரம் அவளிடம் போய் நின்று, அன்றைக்கு ஓட்டியது நான்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? நான் அதுக்கப்புறம் பத்து நாள் கடை போடலை, தெரியுமா?” என்றாள். வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அந்தச் சமையலறை விஷயமும் அதே மாதிரிதான். நீ காதில் சொன்னபோது நான் பயந்துபோனேன். நாளைக்கு எனக்கும் வரும் என்ற பயம். அதனால் சிரித்தேன். நினைவில்லை என்று எழுதினேன் அல்லவா, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நீ சிரித்தது நினைவு வருகிறது. அந்த இடத்தில் ஒரு அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன்னோடு டாக்டரிடம் வந்திருந்தால், மாத்திரை உண்டா என்று அவள் சண்டை போட்டுக் கேட்டிருப்பாள். சண்டை போட எனக்குத் தெரியும். அன்றைக்குப் போடவில்லை. உன் மணிக்கட்டில் எனக்கும் பங்கு உண்டு. இதை நீ இல்லை என்று மறுத்து எழுத வேண்டாம். மறுத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஆனால் ஒன்று. என் முதுகுக்குப் பின்னால் நீ போன் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செய்தது சரி என்பது வேறு. மன்னிப்பது வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். காலை எட்டு மணிக்கு உன் வாசலில் இருப்பேன். டெய்லரை வர வேண்டாம் என்று சொல். உனக்குத் தலை குளிப்பாட்டி விடுகிறேன். பத்து மணிக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கிறோம், ஒன்றரைப் பக்கம் எழுதி வை, கோணலாக இருந்தால் நான் படித்துச் சொல்கிறேன். இந்த முறை யாராவது “விடுங்க” என்று சொன்னால், பதில் சொல்ல நான் இருப்பேன்.

அக்கா